வைல்டு கார்டு தந்த ஊர்

2004ஆம் வருட இரட்டையர் இறுதியாட்டம் ஒன்று இந்தியப் பெண்கள் டென்னிஸின் திசையையே திருப்பியது. ஆனால் அதை நடத்திய போட்டி ஆந்திரத்தில் மூன்று வருடங்களுக்கு மேல் நிலைக்கவில்லை.

2003 அக்டோபர் 1. திருமலையில் பிரம்மோற்சவம். சொந்த ஜில்லாவுக்கு வந்திருந்த முதல்வர் சந்திரபாபு நாயுடுவின் கார் அலிபிரியைத் தாண்டி மலைப்பாதையில் ஏறத் தொடங்கியபோது நக்சலைட்டுகள் புதைத்து வைத்திருந்த கண்ணிவெடிகள் வெடித்தன. எலும்பு முறிவோடு அவர் உயிர் தப்பினார். ஏழுமலையான்தான் காப்பாற்றினார் என்று திருப்பதியில் பேசிக்கொண்டார்கள். அடுத்த சில வாரங்களுக்கு ஆந்திர அரசியலில் வேறு பேச்சே இல்லை.

இந்தக் களேபரத்துக்கு நடுவிலும் ஹைதராபாத்தில் வேறு ஒரு வேலை நிற்காமல் நடந்துகொண்டிருந்தது. அக்டோபர் 24 அன்று அங்கே ஆப்ரோ-ஆசிய விளையாட்டுப் போட்டிகள் தொடங்கவிருந்தன. திட்டமிட்டபடியே தொடங்கின. அந்தப் போட்டிகளில் 16 வயது உள்ளூர்ப் பெண் ஒருத்தி டென்னிஸில் நான்கு தங்கப் பதக்கங்களை அள்ளிக்கொண்டு போனாள். பெயர் சானியா மிர்சா. அவர் அந்த வருட ஜூலையில்தான் ரஷ்யாவின் அலிசா கிளெய்பனோவாவுடன் சேர்ந்து விம்பிள்டனில் ஜூனியர் பெண்கள் இரட்டையர் பட்டம் வென்று திரும்பியிருந்தார்.

சந்திரகிரி பக்கம் நாராவாரிபள்ளி என்ற கிராமத்தில் பிறந்து, திருப்பதியில் வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் படித்து, தமிழகத்தையும் கர்நாடகத்தையும் தொட்டுக்கொண்டிருக்கும் குப்பம் தொகுதியில் ஜெயித்து வந்தவர் நாயுடு. சித்தூர் ஜில்லாவுக்காரர் என்றாலும் அவர் கனவெல்லாம் ஹைதராபாத்தைச் சுற்றியே இருந்தது. கம்ப்யூட்டர் கம்பெனிகளைக் கூப்பிட்ட அதே வேகத்தில் விளையாட்டுப் போட்டிகளையும் கூப்பிட்டார். 2002 டிசம்பரில் தேசிய விளையாட்டுகள், 2003இல் ஆப்ரோ-ஆசிய விளையாட்டுகள், இரண்டுக்கும் நடுவே 2003 பிப்ரவரியில் பெண்களுக்கான தொழில்முறை டென்னிஸ் போட்டி ஒன்று. உலகப் பெண்கள் டென்னிஸ் சங்கமான டபிள்யூ.டி.ஏ.வின் சுற்றில் அது ஒரு சிறிய போட்டிதான். நான்காம் நிலை; மொத்தப் பரிசுத் தொகை 1,40,000 டாலர். பெயர் மட்டும் பெரியது: ஏ.பி. டூரிஸம் ஹைதராபாத் ஓப்பன். திருப்பதிக்கு ஆள் வரச் சொல்லி விளம்பரம் செய்யும் அதே சுற்றுலாத் துறையின் பெயரைத்தான் டென்னிஸ் போட்டியும் தாங்கியது.

திருப்பதிக்கு விளம்பரம் தேவையா என்று கேட்கலாம். தேவையில்லைதான். ஆனால் டென்னிஸுக்கு ஒரு போட்டி தேவைப்பட்டது. எப்படி என்று தெரிந்துகொள்ள வைல்டு கார்டு என்ற ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும்.

தொழில்முறை டென்னிஸில் ஒரு போட்டியில் ஆட இடம் வேண்டுமென்றால் தரவரிசையில் நல்ல இடத்தில் இருக்க வேண்டும். தரவரிசையில் ஏற வேண்டுமென்றால் போட்டிகளில் ஆடிப் புள்ளி சேர்க்க வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதை. ஐரோப்பாவில் பிறந்த பெண் இந்த வட்டத்தை உடைக்க ரயில் ஏறினால் போதும். அங்கே வாரத்துக்கு ஒரு போட்டி பக்கத்து நாட்டில் நடக்கும். இந்தியப் பெண்ணுக்கு ஒவ்வொரு போட்டியும் ஒரு விமான டிக்கெட், ஒரு விசா, ஒரு ஹோட்டல் அறை. கூடவே அப்பாவோ அம்மாவோ போக வேண்டும். முதல் சுற்றில் தோற்றால் கிடைக்கும் பணம் பல சமயம் டிக்கெட் செலவுக்குக்கூடக் காணாது.

வைல்டு கார்டு இந்த வட்டத்தைக் குறுக்கே வெட்டுகிறது. போட்டியை நடத்துகிறவர்கள் தங்களுக்குப் பிடித்த சிலரைத் தரவரிசை பார்க்காமல் சேர்த்துக்கொள்ளலாம். திருமலைக்குப் போகிறவர்களுக்கு இதை எளிதாக விளக்கிவிடலாம். எம்.எல்.ஏ.வின் சிபாரிசுக் கடிதம் மாதிரி. கடிதம் வரிசையைத் தாண்டி உள்ளே கொண்டுபோய் விடும், அவ்வளவுதான். வித்தியாசம் ஒன்று உண்டு. டென்னிஸில் உள்ளே போனவர் அடுத்த அடியையும் அங்கேயே தங்கும் தகுதியையும் தானே சம்பாதிக்க வேண்டும். முக்கியமான விஷயம், இந்தக் கடிதத்தைக் கொடுக்க ஊரில் ஒரு போட்டி நடக்க வேண்டும். போட்டி இல்லாத ஊரில் வைல்டு கார்டும் இல்லை.

2003இல் நடந்த முதல் ஹைதராபாத் ஓப்பனில் சானியாவுக்கு இந்தக் கடிதம் கிடைத்தது. முதல் சுற்றிலேயே தோற்றார். 2004 பிப்ரவரியில் மறுபடியும் கிடைத்தது. இம்முறை ஒற்றையரில் எதிரே நின்றவர் ஆஸ்திரேலியாவின் நிகோல் பிராட். மூன்று செட் வரை இழுத்துப் போராடிவிட்டுச் சானியா தோற்றார். அந்த வாரம் பட்டத்தை வென்றதும் பிராட்தான். வழக்கமாக உள்ளூர் நம்பிக்கையின் கதை இந்த இடத்தில் முடிந்துவிடும். மறுநாள் பேப்பரில் "போராடித் தோற்றார்" என்று மூன்று வரி வரும்.

ஆனால் சானியாவுக்கு இரட்டையர் ஆட்டம் மிச்சமிருந்தது. ஜோடி தென்னாப்பிரிக்காவின் லீசல் ஹியூபர். 27 வயது, இரட்டையரையே தொழிலாக எடுத்துக்கொண்டவர். பக்கத்தில் நின்ற பெண்ணுக்கு 17. இரட்டையர் ஆட்டத்தில் இப்படி ஒரு ஜோடி அமைவது சின்ன விஷயமில்லை. ஒற்றையரில் பதினேழு வயதுப் பெண் தன்னந்தனியாக நின்று பயப்பட வேண்டும். இரட்டையரில் ஒவ்வொரு பாயிண்டுக்கும் நடுவே பக்கத்தில் வந்து காதில் ஏதாவது சொல்ல ஓர் அக்கா இருக்கிறார். ஒருவர் சர்வ் போடும்போது மற்றவர் வலைக்கருகே நின்று முதுகுக்குப் பின்னால் விரல்களால் ஜாடை காட்டுவார்: குறுக்கே பாயப்போகிறேன், நீ என் பக்கத்தைப் பார்த்துக்கொள் என்று அர்த்தம். சானியாவின் பலம் பின்கோட்டிலிருந்து விளாசும் ஃபோர்ஹேண்ட். சர்வ் அப்படியொன்றும் பலமில்லை, ஓட்டமும் சுமார். ஒற்றையரில் இந்தப் பலவீனங்கள் கோர்ட் முழுக்கத் தெரியும். இரட்டையரில் கோர்ட்டின் பாதியை இன்னொருவர் பார்த்துக்கொள்கிறார். ஃபோர்ஹேண்ட் எதிராளியைத் திணற வைக்கும், தளர்ந்து வரும் பந்தை வலைக்கருகே இருப்பவர் முடித்துவைப்பார்.

இறுதியாட்டத்தில் இந்த ஜோடிக்கு எதிரே வந்தவர்கள் சீனாவின் லி டிங்கும் சுன் தியான்தியானும். முதல் செட் டை-பிரேக்கருக்குப் போனது. இந்திய-தென்னாப்பிரிக்க ஜோடி அதில் ஒரே ஒரு பாயிண்ட்தான் விட்டுக்கொடுத்தது. முடிவு 7-6, 6-4. டபிள்யூ.டி.ஏ. பட்டம் ஒன்றை இந்தியப் பெண் வென்றது சரித்திரத்தில் அதுவே முதல் முறை. நிருபமா வைத்தியநாதன் 1998இல் ஆஸ்திரேலிய ஓப்பனில் ஒரு சுற்று ஜெயித்ததையே நாடு கொண்டாடியிருந்தது. ஓப்பன் யுகத்தில் கிராண்ட் ஸ்லாம் பிரதானச் சுற்றில் ஓர் ஆட்டத்தை வென்ற முதல் இந்தியப் பெண் அந்தக் கோயம்புத்தூர்க்காரர்தான். ஆறே வருடங்களில் பேச்சு ஒரு சுற்றிலிருந்து ஒரு பட்டத்துக்குத் தாவியிருந்தது.

அன்று தோற்றவர்கள் யார் என்பது அடுத்த ஆகஸ்டில்தான் உலகத்துக்குத் தெரிந்தது. ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸில் பெண்கள் இரட்டையர் தங்கத்தை வென்றது அதே லி டிங்-சுன் தியான்தியான் ஜோடி. இறுதியாட்டத்தில் ஸ்பெயினின் கொஞ்சிதா மார்டினெஸ்-விர்ஜினியா ருவானோ பாஸ்குவால் ஜோடியை நேர் செட்களில் வீழ்த்தினார்கள். ஒலிம்பிக் டென்னிஸில் சீனாவுக்கு அதுவே முதல் தங்கம். ஆறு மாதம் முன்பு ஹைதராபாத்தில் ஒரு பள்ளிக்கூட வயதுப் பெண்ணிடம் தோற்ற ஜோடி!

இது சும்மா சுவாரசியத்துக்காகச் சொல்லும் தகவல் இல்லை. ஒரே வலையின் இரண்டு பக்கத்திலும் இரண்டு நாடுகளின் வழிமுறைகள் நின்றுகொண்டிருந்தன. உலகத் தரத்துக்குக் குறுக்கு வழி பெண்கள் இரட்டையர்தான் என்று சீன டென்னிஸ் நிர்வாகம் முடிவு செய்திருந்தது. ஒற்றையரை விட அதில் போட்டி குறைவு. ஒரே ஜோடியை வருடக்கணக்கில் சேர்ந்தே பழக்கலாம். ஆகவே ஜோடிகளைத் தேர்ந்தெடுத்து, அரசாங்கச் செலவில் ஊர் ஊராக அனுப்பினார்கள். ஹைதராபாத்துக்கு வந்ததும் அந்தத் திட்டத்தின் ஒரு பகுதிதான். 2005இல் ஹைதராபாத் இரட்டையர் பட்டத்தையும் யான் ஸி-செங் ஜியே என்ற இன்னொரு சீன ஜோடி வென்றது. மறுவருடமே இவர்கள் ஆஸ்திரேலிய ஓப்பனையும் விம்பிள்டனையும் பிடித்தார்கள். ஆக, ஆந்திரச் சுற்றுலாத் துறையின் சின்னப் போட்டியைச் சீனா ஒரு பயிற்சிக் கூடமாகப் பயன்படுத்திக்கொண்டது.

இந்தியப் பக்கத்தில் திட்டம் என்று ஒன்றும் கிடையாது. ஆறு வயதில் மட்டை பிடித்த பெண், கூடவே அலைந்த தகப்பனார், உள்ளூரில் தற்செயலாக நடந்த ஒரு போட்டி, ஒரு வைல்டு கார்டு, அவ்வளவுதான். அதுவும் வேலை செய்தது என்பதுதான் ஆச்சரியம். 2004 முடிவில் ஒற்றையர் தரவரிசையில் 206ஆம் இடத்தில் இருந்தார் சானியா. 2005 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓப்பனில் அவருக்கு இன்னொரு வைல்டு கார்டு. மூன்றாம் சுற்று வரை போய் செரினா வில்லியம்ஸிடம் தோற்றார். பிப்ரவரியில் மறுபடி ஹைதராபாத். இம்முறை உக்ரைனின் அலோனா பொண்டாரென்கோவை மூன்று செட்டில் வென்று ஒற்றையர் பட்டத்தையே எடுத்துக்கொண்டார். அந்த வருட முடிவில் அவரது இடம் 31.

அதன் பிறகு நடந்தது நாடறிந்த கதை. 2007இல் 27ஆம் இடம் வரை ஏறியவரை மணிக்கட்டுக் காயம் கீழே இழுத்தது. ஒற்றையரை விட்டுவிட்டு, முதல் பட்டம் கொடுத்த இரட்டையருக்கே திரும்பினார். 2015 ஏப்ரலில் இரட்டையரில் உலகின் முதல் இடம். மார்டினா ஹிங்கிஸுடன் சேர்ந்து விம்பிள்டன், அமெரிக்க ஓப்பன், 2016இல் ஆஸ்திரேலிய ஓப்பன் என்று வரிசையாக மூன்று கிராண்ட் ஸ்லாம்கள். தொடர்ந்து 41 ஆட்டங்களில் தோல்வியே இல்லை. 2023 பிப்ரவரியில் துபாயில் மட்டையைக் கீழே வைத்தபோது கணக்கில் 43 இரட்டையர் பட்டங்கள் இருந்தன. அந்தக் கணக்கின் முதல் வரி ஹைதராபாத், 2004. லீசல் ஹியூபரும் 2007இல் இரட்டையரில் முதலிடத்துக்கு வந்தார். அன்று அந்தக் கோர்ட்டில் நின்ற நால்வரில் இரண்டு பேர் பிற்கால உலக நம்பர் ஒன், மற்ற இரண்டு பேர் அந்த வருட ஒலிம்பிக் சாம்பியன்கள். பார்க்க வந்திருந்தவர்கள் கொடுத்த காசுக்கு அதிகமாகவே பார்த்துவிட்டார்கள்.

போட்டியின் கதை இவ்வளவு இனிமையாக முடியவில்லை. 2004 மே மாதம் வந்த தேர்தல் முடிவில் நாயுடு ஆட்சியை இழந்தார். போட்டி 2005இல் ஒரு முறை நடந்தது. 2006இல் பெண்கள் டென்னிஸ் பெங்களூருக்குப் போய்விட்டது. கல்கத்தாவும் 2005 முதல் 2007 வரை ஒரு போட்டியை நடத்தியது. பெங்களூர் 2008 வரை தாக்குப் பிடித்தது. அதோடு சரி. 2022 வரை 14 வருடங்கள் இந்திய மண்ணில் டபிள்யூ.டி.ஏ.வின் முதல் நிலைச் சுற்றுப் போட்டி ஒன்றுகூட நடக்கவில்லை. நடுவே புனேயிலும் மும்பையிலும் நடந்தவை ஒரு படி கீழே உள்ள 125 நிலைப் போட்டிகள். சானியா உலகின் உச்சியில் இருந்த வருடங்களில் அவருடைய ஆட்டத்தைச் சொந்த நாட்டில் இந்தச் சுற்றில் பார்க்க வழியில்லை என்பது வேடிக்கை. அவரைப் பார்த்து மட்டை பிடித்த பெண்களுக்கு வைல்டு கார்டு கொடுக்க ஆளில்லை என்பது வேடிக்கை இல்லை.

அதே ஹைதராபாத்தில், அதே காலத்தில் எடுக்கப்பட்ட இன்னொரு முடிவோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2003இல் நாயுடு அரசு பேட்மின்டன் வீரர் புல்லேலா கோபிசந்துக்குக் கச்சிபவுலியில் ஐந்து ஏக்கர் நிலம் கொடுத்தது. 2008இல் அங்கே அகாதமி திறந்தது. அப்புறம் 2012 லண்டனில் சாய்னா நேவாலுக்கு வெண்கலம், 2016 ரியோவில் பி.வி. சிந்துவுக்கு வெள்ளி. ஆட்சிகள் மாறின, மாநிலமே இரண்டாகப் பிரிந்தது, அகாதமி அப்படியே இருக்கிறது. காரணம் எளிது. போட்டி என்பது வருடா வருடம் ஸ்பான்சரையும் அரசின் தயவையும் எதிர்பார்த்து நிற்கும் திருவிழா. ஒரு வருடம் கொடியேறாவிட்டால் அடுத்த வருடம் தேர் இழுக்க ஆள் வர மாட்டார்கள். அகாதமி என்பது பள்ளிக்கூடம். யார் முதல்வரானாலும் காலை ஐந்து மணிக்குப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள்.

ஆனால் பள்ளிக்கூடம் மட்டும் போதும் என்று சொல்லிவிடவும் முடியாது. பரீட்சை எழுத ஓர் இடம் வேண்டுமே. அன்கிதா ரெய்னா 2021இல் மெல்போர்னில் ரஷ்யாவின் கமில்லா ரக்கிமோவாவுடன் சேர்ந்து டபிள்யூ.டி.ஏ. இரட்டையர் பட்டம் வென்றபோது அவருக்கு வயது 28. ஹைதராபாத்தில் சானியாவுக்குப் 17. நடுவே உள்ள பதினோரு வருட வித்தியாசத்தில் திறமைக்கு எவ்வளவு பங்கு, கிடைத்த வாய்ப்புக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் வாய்ப்பின் பங்கு சின்னதில்லை. 2025 பிப்ரவரியில் கோயம்புத்தூரைச் சேர்ந்த 15 வயது மாயா ராஜேஷ்வரனுக்கு மும்பைப் போட்டியின் தகுதிச் சுற்றில் ஆட ஒரு வைல்டு கார்டு கொடுத்தார்கள். கேட்டது கதவைத் திறக்கத்தான். அவர் அரையிறுதி வரை போய்விட்டார். ஊரில் போட்டி நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட ஒரு சாட்சி வேண்டுமா?

2014இல் மாநிலம் பிரிந்தபோது ஹைதராபாத் தெலங்கானாவுக்குப் போனது. கூடவே அந்த டென்னிஸ் கோர்ட்டுகளும் கோபிசந்தின் அகாதமியும். சித்தூர் ஜில்லாக்காரர் ஒருவர் ஹைதராபாத்தில் கட்டியெழுப்பியது எதுவும் சித்தூருக்கு மிஞ்சவில்லை. 2022 ஏப்ரலில் சித்தூரே பிரிந்து, திருப்பதி தனி ஜில்லா ஆனது. 1983இல் பெண்களுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் தொடங்கப்பட்ட ஊர் திருப்பதி. படிக்க வந்த பெண்களுக்கு அங்கே இடம் கிடைத்தது. டென்னிஸ் ஆட நினைக்கும் பெண் ஒருத்திக்கு உலகத் தரத்து ஆட்டம் ஒன்றை நேரில் பார்க்க வேண்டுமென்றால் மிக அருகில் இருக்கும் இடம் சென்னை நுங்கம்பாக்கம்தான். ஹைதராபாத் ஐநூறு கிலோமீட்டருக்கும் மேல். சென்னைக்குச் சுமார் 150 கிலோமீட்டர். காலையில் ரயில் ஏறினால் மதிய ஆட்டத்துக்குப் போய்விடலாம்.

2022 செப்டம்பரில் அப்படிப் போயிருந்தால் பார்க்க நிறைய இருந்தது. தமிழக அரசு ஐந்து கோடி ரூபாய் கொடுத்து நடத்திய சென்னை ஓப்பன் அது. இரட்டையர் பட்டத்தைக் கனடாவின் கேப்ரியேலா டப்ரோவ்ஸ்கியும் பிரேஸிலின் லூயிஸா ஸ்டெஃபானியும் 6-1, 6-2 என்று அநாயாசமாக வென்றார்கள். ஒற்றையர் பட்டத்தை வென்ற செக் பெண் லிண்டா ஃப்ருவிர்தோவாவுக்கு 17 வயது. அதே வயது, அதே மாதிரிப் போட்டி. ஆனால் மறுவருடமும் அதற்கு அடுத்த வருடமும் போட்டி நடக்கவில்லை. 2025இல்தான் திரும்பி வந்தது. இந்தோனேஷியாவின் ஜேனிஸ் ஜென் ஒற்றையரை வென்றார்.

வந்து போவதும் போய் வருவதும் விருந்தாளிக்குச் சரி. ஒரு பெண் ஆட்டக்காரி உருவாக ஏழெட்டு வருடம் பிடிக்கும். அவள் பதினாறு, பதினேழு வயதைத் தொடுகிற அந்த ஒரு வருடத்தில் ஊரில் போட்டி இருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. சானியா அந்த வயதைத் தொட்டபோது ஹைதராபாத்தில் போட்டி இருந்தது. அதற்கு முன்பு பிறந்தவர்களுக்கும் பின்பு பிறந்தவர்களுக்கும் இல்லை. 1,40,000 டாலர் என்பது ஓர் அரசாங்கத்தின் கணக்கில் பெரிய தொகையே இல்லை. அந்தச் சில்லறையில் இந்தியாவுக்கு ஓர் உலக நம்பர் ஒன் ஆட்டக்காரியின் முதல் பட்டம் கிடைத்தது.

சித்தூரிலோ திருப்பதியிலோ இன்று பத்து வயதில் சுவரில் பந்தடித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை. அவளுக்குப் பதினேழு வயதாகும்போது யாராவது ஒரு கடிதம் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அதை இப்போதே எழுதி வைப்பது பெரியவர்கள் வேலை.